வி.பி.பி.யும் கேஷ் ஆன் டெலிவரியும்

வங்கிக்குப் போனாலும் தபால் ஆபீசுக்குப் போனாலும் சுவரில் சட்டம் போட்ட ஒரு போர்டு தொங்கும். மேலே காந்தியார் படம். கீழே, வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வருகிறவர்களில் ரொம்ப முக்கியமானவர், அவருக்குச் சேவை செய்ய அவர்தான் நமக்கு வாய்ப்பு தருகிறார் என்கிற கருத்தில் நாலைந்து வரி. முப்பத்து நாலு வருஷம் அந்தப் போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்து ஸ்டாம்பு விற்றவன் நான். கடலூர், சிதம்பரம், நடுவில் கொஞ்ச காலம் பண்ருட்டி என்று மூன்று ஊரிலும் அதே போர்டுதான். காந்தியின் எழுத்தும் பேச்சும் நூறு தொகுதிகளாக வந்திருக்கின்றன. அதையெல்லாம் துருவிப் பார்த்தவர்கள் இப்படி ஒரு வாசகம் அவர் சொன்னதாக எங்கும் இல்லை என்கிறார்கள்.

அவர் சொன்னாரோ இல்லையோ, அந்தப் போர்டு பாதி நியாயத்தைத்தான் பேசுகிறது. விற்கிறவன் வாங்குகிறவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று அதில் இருக்கிறது. வாங்குகிறவன் விற்கிறவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று எழுதி ஒரு போர்டு நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. இதை நான் இப்போது எடுப்பதற்குக் காரணம் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிற ஒரு பெண். பேர் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர் பக்கம். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் அடித்தபோது அந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் என்ன ஆயிற்று என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தோப்பு போயிற்று. கல்யாணமாகிச் செம்மண்டலம் வந்தாள். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு விபத்தில் கால் போய் வீட்டோடு இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சொந்த ஊரில் பருப்பு உடைக்கிறவர்களிடம் மொத்தமாக வாங்கிவந்து, கால் கிலோ அரைக் கிலோவாகப் பாக்கெட் போட்டு, ஃபோன் வழியாக விற்கிறாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்த 14 இலக்க எண்ணையும் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறாள். பின்கோடு தப்பாக இருந்தால் கண்டுபிடித்துச் சொல்ல என்னிடம் வருவாள். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. 607001 என்றால் மஞ்சக்குப்பம், 002 என்றால் திருப்பாதிரிப்புலியூர், 003 முதுநகர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. அறுபத்திரண்டு பார்சல் அனுப்பினாள். எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி, அதாவது பொருள் வாசலுக்கு வந்தபிறகு பணம். பத்தொன்பது திரும்பி வந்தது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் போகிறதற்கு ஒரு கூலி, வருகிறதற்கு ஒரு கூலி, இரண்டும் அவள் தலையில்தான். அது போகட்டும் என்றால், மூன்று வாரம் ஊர் சுற்றி மழைக்காலத்தில் நனைந்து வந்த பருப்பை மறுபடி விற்கவும் முடியாது. வாயில் போட்டால் மொறுமொறுப்பு இல்லை. அந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணம் கூரியர் கூலிக்குப் போயிற்று.

ஏன் வாங்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டுக் கேட்டாள். “வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டார்மா.” “நாங்க ஊர்ல இல்ல.” “பையன் தெரியாம அழுத்திட்டான்.” “இங்க பக்கத்துக் கடையில இருபது ரூபா கம்மியா கெடச்சுது, வாங்கிட்டோம்.” ஒருத்தர் ரொம்பச் சாதாரணமாக, “புடிக்கலன்னா திருப்பி அனுப்பலாம்னுதானே போட்டிருக்கு” என்றாராம். பாக்கெட்டைப் பிரித்தே பார்க்காமல் பிடிக்கவில்லை என்று எப்படித் தெரிந்தது?

இதில் ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை என்பதுதான் விஷயம். கோயிலுக்குப் போகிறவர்கள், கடன் வாங்கினால் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறவர்கள். பான்பரி மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் நிறுத்துப் பையில் போட்டபிறகு ‘வேண்டாம்’ என்று சொல்ல இவர்களுக்கு வாய் வருமா? வராது. கடைக்காரர் முகம் எதிரே இருக்கிறது. ஜவுளிக்கடையில் ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எதுவும் எடுக்காமல் எழுந்து வருகிற பெண்கள்கூட, ஒரு ஜாக்கெட் துணியாவது வாங்கிக்கொண்டு வருவார்கள். மனசு கேட்காது. வாசலில் பார்சலோடு நிற்கிற பையனுக்கு அந்த முகம் கிடையாது. அவன் கடைக்காரன் இல்லை. அவனிடம் வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாதது மாதிரி இருக்கிறது. அவனும் சரி என்று போய்விடுகிறான்.

எனக்கு இது புதிசில்லை. தபால் துறையில் வி.பி.பி. என்று ஒன்று உண்டு. பழைய ஆட்களுக்குத் தெரியும். 1877இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. வெளியூர்க்காரருக்குப் பொருளை அனுப்பலாம், தபால்காரர் வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார், அந்தப் பணம் மணியார்டராக அனுப்பினவருக்குப் போய்ச் சேரும். இன்றைக்கு ஏதோ இவர்கள் கண்டுபிடித்தமாதிரி பேசுகிறார்களே, கேஷ் ஆன் டெலிவரி, அது இதுதான். பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் புத்தகம், பஞ்சாங்கம், லேகியம், கைக்கடிகாரம் என்று விளம்பரம் வரும். வி.பி.பி.யில் பெற ஒரு கார்டு போடுங்கள் என்பார்கள். நம் ஜனங்களும் போடுவார்கள்.

பார்சல் வரும். வரும்போது மாதக் கடைசியாக இருக்கும். தபால்காரர் போய்க் கேட்டால், “ஒண்ணாம் தேதி கொண்டாங்க” என்பார்கள். ஆபீசில் சில நாள் வைத்திருப்போம், அதற்குமேல் விதி இல்லை. ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்பவேண்டும். சிதம்பரத்தில் இருந்தபோது அண்ணாமலை நகர் மாணவர்களுக்கு வருகிற பார்சல்கள் ரொம்ப வேடிக்கை. பரீட்சைக்கு முன்னால் கைடு புத்தகத்துக்கு எழுதிப்போடுவான். புத்தகம் வந்து சேருகிறபோது பரீட்சை முடிந்து ஊருக்குப் போயிருப்பான். ஒரு கோணிப்பை நிறையத் திரும்பிப் போகும். அனுப்பினவர் சென்னையில் எங்கேயோ ஒரு சின்னப் பதிப்பகத்துக்காரர். அவர் ஒட்டின ஸ்டாம்பெல்லாம் வீண். யாரோ ஒருத்தர் நம் கையெழுத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுவேன்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். வி.பி.பி. அனுப்புகிறவர் ஃபாரத்தில் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும். உண்மையாகவே ஆர்டர் வந்து, அதன்பேரில்தான் இதை அனுப்புகிறேன் என்று. கேட்காதவர்களுக்கெல்லாம் பார்சல் அனுப்பிப் பணம் பறிக்கக்கூடாது என்பதற்காக அந்த விதி. நல்ல விதி. ஆனால் ஆர்டர் கொடுத்தவர், உண்மையாகவே வாங்கிக்கொள்வேன் என்று எங்கேயும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அப்போது குறைந்தபட்சம் ஒரு கார்டு வாங்கி, நாலு வரி எழுதி, பெட்டி வரை நடந்துபோய்ப் போடவேண்டும். அதற்குள் பாதிப் பேருக்கு ஆசை தணிந்துவிடும். இப்போது படுத்துக்கொண்டே கட்டை விரலால் ஒரு தட்டு. ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டினதை மறுநாள் காலையில் மறந்துவிடுகிறார்கள்.

வாங்குகிறவர்கள் பயப்படுவதிலும் நியாயம் உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில், டிரான்சிஸ்டருக்குப் பணம் கட்டி வி.பி.பி. பார்சலை எடுத்துப் பிரித்து, உள்ளே செங்கல் இருப்பதைப் பார்த்துவிட்டு கவுண்டருக்கு எதிரேயே உட்கார்ந்து அழுத மனிதரைப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டாமல் பிரித்துப் பார்க்கக்கூடாது என்பது விதி. அவருக்கு ஒரு மாதச் சம்பளம் அது. அந்த மாதிரி ஆட்களால்தான் முன்பணம் என்றாலே ஜனங்களுக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. செங்கல் அனுப்பினவன் செய்த பாவத்துக்கு முந்திரி அனுப்புகிறவள் அபராதம் கட்டுகிறாள்.

சட்டம் வாங்குகிறவர் பக்கம் நிற்கிறது. நிற்கட்டும், நிற்கவேண்டியதுதான். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதே மாதம் இணைய வணிகத்துக்குத் தனி விதிகளும் வந்தன. வாங்கினவர் தான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது அந்தச் சட்டத்தில் பெரிய வசதி. பெரிய கம்பெனிக்காரனைத் தேடி நாம் பம்பாய்க்குப் போகவேண்டாம். அதே சமயம் டெல்லியில் ஒருத்தர் கோபப்பட்டால் செம்மண்டலத்துப் பெண் டெல்லி வழக்குக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நிறையப் பேர் சட்டம் சொல்லாததையும் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொருள் பழுதாக இருந்தால், போலியாக இருந்தால், சொன்னபடி இல்லாவிட்டால், சொன்ன தேதிக்கு வராவிட்டால் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது என்று 2020 விதிகள் சொல்கின்றன. மனசு மாறிவிட்டது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பது பெரிய கம்பெனிகள் வியாபாரத்துக்காகத் தாங்களாக வைத்துக்கொண்ட சலுகை. ஆயிரம் பார்சலில் நூறு திரும்பினாலும் அவர்களுக்குத் தாங்கும். அதைப் பார்த்துப் பழகினவர்கள், மூன்று வீடு தள்ளி இருக்கிறவளிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள்.

தொந்தரவு கொடுக்கிற வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே கூடையில் போடக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர். கால் கிலோ வாங்கினார். “படத்துல பெருசா இருக்கு, வந்தது சிறுசா இருக்கு, ஏமாத்துறீங்க” என்று நீளமாக எழுதியிருந்தார். இவள் கண் கலங்கி என்னிடம் ஃபோனைக் காட்டினாள். முந்திரிக்கு ஒரு கணக்கு உண்டு. 320ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300லிருந்து 320 பருப்பு. 240 என்றால் 220லிருந்து 240. நம்பர் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் பெரிசு. இவள் விற்றது 320. பாக்கெட்டிலும் போட்டிருக்கிறாள். கால் கிலோவுக்கு 165லிருந்து 176 வரை இருக்கவேண்டும். “எண்ணிப் பாருங்க சார்னு எழுதும்மா” என்றேன். மனிதர் உண்மையாகவே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். 171. மறுநாள் பதில் வந்தது. “கணக்கு சரி. அடுத்த தடவை 240 அனுப்புங்க.” இன்றைக்கும் மாசம் ஒரு கிலோ வாங்குகிறார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது குறை சொல்லுவார். சொல்லட்டும். பணம் கட்டி வாங்கி, பிரித்துப் பார்த்து, எண்ணிப் பார்த்துக் குறை சொல்கிற ஆள் வியாபாரத்துக்கு உறவுக்காரர். சண்டை போடுகிறவரைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். பத்தொன்பது பார்சலைத் திருப்பி அனுப்பினவர்களில் ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை.

அதேபோல, ரொம்ப மரியாதையாகப் பேசுகிறவரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். முதுநகரில் என் மச்சான் வீட்டில் பழைய தேக்குக் கட்டில் ஒன்றை விற்கலாம் என்று இணையத்தில் படம் போட்டார்கள். பத்து நிமிஷத்தில் ஒரு ஃபோன். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்திருக்கிறது, கட்டிலை நேரில் பார்க்கவேண்டியதில்லை, சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், லாரி அனுப்புகிறேன் என்றார். அடையாள அட்டைப் படம்கூட அனுப்பினார். பிறகு ஒரு க்யூ.ஆர். கோடு. “இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்.” மச்சான் மளிகைக்கடை வைத்திருந்தவர். “முப்பது வருஷத்துல பேரம் பேசாம வாங்கின ஆளை நான் பார்த்ததில்ல, வைங்க ஃபோனை” என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், தப்பித்தார். நம் வயசுக்காரர்கள் இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். தனி ஆள் ஒருத்தர் இன்னொருத்தருக்கு யு.பி.ஐ.யில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்புகிற வசதியை இந்த மோசடிக்காகவே 2025 அக்டோபர் 1ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். க்யூ.ஆர். தந்திரம் இன்னும் நடக்கிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு ஃபோன் செய்யவேண்டும். நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும்.

முந்திரிக்கு வருவோம். அந்தத் தீபாவளிக்கு அப்புறம் தொழிலை விட்டுவிடுகிறேன் என்றாள். “எதுக்கு விடணும்? தெரியாதவங்களுக்குக் கேஷ் ஆன் டெலிவரி கிடையாதுன்னு போடு” என்றேன். “அப்ப யாருமே வாங்கமாட்டாங்க சார்” என்றாள். கடைசியில் இப்படி வைத்தாள்: புது ஆளாக இருந்தால் பாதிப் பணம் முன்னால், மீதி வாசலில். இரண்டு தடவை ஒழுங்காக வாங்கினவர்களுக்கு எல்லாம் வாசலில். பார்சலைக் கட்டுகிறபோது தராசில் வைத்து, பிள்ளையை விட்டு வீடியோ எடுத்து, அதையும் அனுப்பிவிடுகிறாள். அனுப்புகிற அன்றைக்கு ஒரு தடவை ஃபோன் போட்டு, “நாளன்னிக்கு வரும், வீட்ல இருப்பீங்களா?” என்று கேட்கிறாள். ஆர்டர் குறைந்தது, உண்மை. போன தீபாவளிக்கு நாற்பத்தொன்றுதான் போயிற்று. திரும்பி வந்தது இரண்டு. அதில் ஒன்று விலாசம் தப்பு.

பாதிப் பணம் முன்னால் கேட்பதை மரியாதைக் குறைவு என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். தையல்காரருக்கு, பந்தல்காரருக்கு, மேளக்காரருக்கு, சமையல்காரருக்கு நாம் அட்வான்ஸ் கொடுப்பதில்லையா? வெற்றிலை பாக்கில் நூற்றொரு ரூபாய் வைத்துக் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் பேச்சு மாறக்கூடாது. அந்த வழக்கம் நம்முடையது. அதை மரியாதைக் குறைவு என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

“எங்களுக்கு ஃபோன்ல பணம் அனுப்பத் தெரியாது, பயமா இருக்கு, அதனாலதான் வாசல்ல கொடுக்கறோம்” என்று நம் வயசுக்காரர்கள் சொல்வார்கள். சரிதான். எனக்கே பேரன்தான் கற்றுக்கொடுத்தான். வாசலில் கொடுங்கள். ஆனால் ஆர்டர் போட்ட அன்றைக்கே அந்தப் பணத்தை ஒரு கவரில் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மருமகளிடம், இன்ன சாமான் வரும், வந்தால் கொடுத்து வாங்கிக்கொள் என்று சொல்லிவைத்துவிட்டு வெளியே போங்கள். மனசு மாறிவிட்டதா, அனுப்புகிறதற்கு முன்னாலேயே ஃபோன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வாசலில் வந்து நின்ற பிறகு வேண்டாம் என்பது வேறு. என் வீட்டில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறேன். போன மாதம் மகன் வரவழைத்த செருப்பு ஒரு அளவு சிறிசு. அது அவன் தப்பாகத் தட்டினது. பேரனுக்குச் சரியாக இருந்தது, அவன் போட்டுக்கொண்டு திரிகிறான்.

இந்த வாரம் அந்தப் பெண் ஃபோனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சிதம்பரத்திலிருந்து ஒரு வயசான அம்மா. பேத்தி கல்யாணத்துக்கு அல்வாவில் போட இரண்டு கிலோ வேண்டுமாம். முன்பணம் என்றதும் கோபமில்லை. ஃபோனில் பணம் அனுப்ப மட்டும் தெரியாது, மணியார்டர் பண்ணுகிறேன் என்கிறாராம். பாதி இல்லை, முழுப் பணமும்.

“மணியார்டர்னா நான் எங்க போய் வாங்கணும் சார்?” என்று கேட்டாள்.

“நீ எங்கயும் போகவேண்டாம்மா, தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ” என்றேன்.